இரைச்சலுக்குப் பேர் போட்ட கதை: தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றின் வானொலிக் குறுக்கீடு

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் உள்ள என் பழுதுபார்க்கும் கடைக்கு 2022 பெப்ரவரியில் ஒரே வானொலிப் பெட்டி மூன்று முறை வந்தது. கடைக்குப் பின்னாலுள்ள மேட்டில் வைத்துப் போட்டால் தெளிவாகப் பாடும். வீட்டுக்குக் கொண்டுபோனால் இரையும். கொண்டுவந்தவர் தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையிலுள்ள ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டீமேக்கராக, அதாவது தேயிலைத் தொழிற்சாலையின் பொறுப்பாளராக, இருந்து ஓய்வு பெற்றவர். முதல் முறை பேட்டரி முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து கொடுத்தேன். இரண்டாம் முறை ஒலியளவுக் குமிழை மாற்றினேன், அதற்குக் காசும் வாங்கினேன். மூன்றாம் முறை அவர் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, பெட்டிக்கு ஒன்றும் இல்லை போலிருக்கிறது. என் வீட்டை வந்து பாருங்கள்" என்றார். இரண்டு முறை மருந்து கொடுத்த எனக்குத் தோன்றாதது நோயாளிக்குத் தோன்றியிருந்தது.

அவர் கேட்க விரும்பியது பெரிதாக ஒன்றுமில்லை. இரவில் மத்திய அலையில் 1053 கிலோஹெர்ட்ஸில் தூத்துக்குடி, 936 இல் திருச்சி. தூத்துக்குடி அவருடைய வீட்டிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 340 கிலோமீட்டர். பகலில் மத்திய அலையை உறிஞ்சிவிடும் மேல்வளி அடுக்கு இரவில் கலைந்துவிடுவதால், வானத்தில் பட்டுத் திரும்பும் அலை மலைகளைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள்ளும் இறங்கும். நாற்பது ஆண்டுகளாக அப்படித்தான் கேட்டு வந்திருக்கிறார். நிலையத்தின் பலம் குறைந்துவிட்டது என்பது அவருடைய கணிப்பு. நான் போய்க் கேட்டபோது நிலையம் இருந்த இடத்தில்தான் இருந்தது. அதன் மேல் ஒரு போர்வை கிடந்தது.

அங்கே நான் செய்த முதல் காரியம் தவறானது. கூரைக்கு மேலே மரத்திலிருந்து மரத்துக்கு இருபது மீட்டர் செப்புக் கம்பியை இழுத்துக் கட்டி, அதன் நுனியைப் பெட்டியோடு இணைத்தேன். தூத்துக்குடி பலமாக வந்தது. இரைச்சலும் அதே அளவு பலமாக வந்தது. பெட்டியின் பலம் காட்டும் கோடுகள் ஐந்தும் எரிந்தன, ஆனால் செய்தியில் ஒரு சொல்கூடக் கூடுதலாக விளங்கவில்லை. குறுக்கீடு என்று வந்தால் எல்லோரும் முதலில் பெரிய அன்டெனாவைத்தான் தேடுகிறோம். பெரிய அன்டெனா இரைச்சலுக்கும் பெரிய அன்டெனாதான். வீட்டு மின்கம்பிகளுக்கு அருகில் கட்டினால் அந்தக் கம்பிகளில் ஓடும் அழுக்கை எல்லாம் அது நிலையத்தைவிட ஆசையாக வாங்கிக்கொள்ளும். கம்பியை மறுநாளே அவிழ்த்தேன்.

செக்ரோல்

தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்களின் பெயரைச் செக்ரோலில் பதிவதைப் பேர் போடுதல் என்பார்கள். அரை நாள் வேலை செய்தவருக்கு அரைப்பேர். ஐயாவிடம் ஒரு பழைய கொப்பியைக் கொடுத்து, "இரைச்சலுக்குப் பேர் போடுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது, என்ன மாதிரி ஒலிக்கிறது, அன்றைக்கு வெயிலா மழையா. இவ்வளவுதான். கொழுந்து நிறுவையையும் உலர்த்தியின் சூட்டையும் வாழ்நாள் முழுக்கக் குறித்து வந்த மனிதர். இரண்டு வாரத்தில் அவர் கொண்டுவந்த பக்கங்கள் எந்த அளவுகருவியும் எனக்குச் சொல்லாததைச் சொல்லின.

நான் ஒரே இரைச்சல் என்று நினைத்தது மூன்று ஆட்களின் வேலை. முதலாவது ஓர் உறுமல். இரவு பகல் எந்நேரமும் உண்டு, முழுப்பேர். ஆனால் முள்ளை நகர்த்தினால் எல்லா இடத்திலும் இருப்பதில்லை, சில எண்களில் மட்டும் நிற்கிறது. இரண்டாவது அலைவரிசை முழுவதையும் மூடும் கரகரப்பு. பிற்பகலில் தொடங்கி விடியற்காலைவரை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் இல்லை. அரைப்பேர். மூன்றாவதை அவர் "எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி" என்று எழுதியிருந்தார். நான்கு நாட்கள் மட்டுமே தெளிவாகக் கேட்டிருக்கிறது, நான்கும் காய்ந்த நாட்கள்.

பிற்பகலில் தொடங்கி விடியும்வரை, ஞாயிறு விடுமுறை என்றதும் தோட்டத்துக்காரர் எவருக்கும் ஓர் இடம் நினைவுக்கு வரும். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு தோட்டத்து மேலாளரான துரையிடம் போய் நிற்க முடியாது.

மின்வெட்டு என்ற ஆய்வுக்கூடம்

அந்த ஆண்டு பொருளாதார நெருக்கடியில் நாடு பட்ட பாட்டைச் சொல்லத் தேவையில்லை. மார்ச் 31 ஆம் திகதி 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. ஏ, பி, சி என்று பகுதிகளைப் பிரித்து, எந்தப் பிரிவுக்கு எப்போது வெட்டு என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். எல்லோரும் சபித்த அந்த அட்டவணையை நானும் ஐயாவும் மட்டும் ஆவலோடு பார்த்தோம். ஒரு பிரதேசத்தின் மின்சாதனங்கள் அனைத்தையும் ஒரே நொடியில் அணைத்து, சொன்ன நேரத்தில் மீண்டும் போட்டுக்காட்டும் வசதி எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடைக்காது.

ஒரு மாலை வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் இருவரும் பேட்டரியில் ஓடும் பெட்டியோடு உட்கார்ந்திருந்தோம். விளக்கு அணைந்த அதே கணத்தில் மூன்று இரைச்சலும் நின்றன. அலைவரிசையின் அடியில் மெல்லிய "ஸ்ஸ்" என்ற ஓசை மட்டும், அதற்கு மேல் தூத்துக்குடி, அதைத் தாண்டித் தென்னிந்தியாவின் வேறு மொழிகள். ஐயா ஒன்றும் பேசவில்லை. ஏழெட்டு நிமிடம் கழித்துத் தொழிற்சாலைப் பக்கம் டீசல் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. டீசலுக்கு வரிசையில் நின்ற காலம் அது. கிடைத்த நாட்களில் வாடிய கொழுந்து வீணாகக் கூடாது என்று ஓட்டுவார்கள். ஜெனரேட்டர் சீராகிய சில நொடிகளில் கரகரப்பு திரும்பி வந்தது. ஐயாவின் வீட்டில் மின்சாரமே இல்லை. தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள் எல்லாம் இருட்டு. உறுமல் வரவில்லை, கடுகு வெடிக்கவில்லை. கரகரப்பு மட்டும் முந்நூறு மீட்டர் தாண்டி வந்து பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்குள் இருந்த ஆள்

உறுமலைப் பிடிப்பது எளிதாக இருந்தது. முள்ளை மெல்ல நகர்த்தி அது பலமாக நிற்கும் எண்களை எழுதினோம்: 921, 987, 1053, 1119. ஒவ்வொன்றுக்கும் இடையில் 66 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவு. இப்படி ஏணிப்படி போல வந்தால் அது ஒரு ஸ்விட்சிங் மின்வழங்கியின் வேலை. 230 வோல்ட் மின்சாரத்தை நொடிக்கு அறுபத்தைந்தாயிரம் முறைக்கு மேல் வெட்டி வெட்டிச் சிறு வோல்ட்டாக்கும் அடாப்டர், அந்த வேகத்தின் மடங்குகளில் எல்லாம் வானொலி நிலையம்போல ஒலிபரப்புகிறது. 65.8 இன் பதினாறாவது மடங்கு 1052.8. தூத்துக்குடியின் அலைக்கும் அதற்கும் 200 ஹெர்ட்ஸ் வித்தியாசம். அந்த வித்தியாசம்தான் காதில் உறுமலாக விழுந்தது. அடாப்டர் சூடாகும்போது வேகம் சற்று மாறும், உறுமலின் சுருதியும் ஏறி இறங்கும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அறை அறையாகப் போட்டுப் பார்த்ததில், டிஷ் பெட்டியின் அடாப்டர் சிக்கியது.

கம்பியில் ஓடும் இரைச்சலைத் தடுக்கக் கடைகளில் விற்கும் கவ்வு பெரைட் என்ற காந்தப்பொருள் உருளை ஒன்றை அதன் கம்பியில் மாட்டினேன். ஒரு பயனும் இல்லை. மத்திய அலையில் அது அப்படித்தான். அந்தச் சிறு உருளைகள் இன்னும் உயர்ந்த அதிர்வெண்களுக்கு ஏற்றவை, அதிலும் கம்பி ஒரே ஒரு முறைதான் நுழைகிறது. தடை சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். பத்துச் சுற்று சுற்றினால் ஏறக்குறைய நூறு மடங்கு. என் கடையின் மூலையில் செத்துக் கிடந்த பழைய பெட்டித் தொலைக்காட்சியின் படக்குழாய்க் கழுத்திலிருந்து பெரைட் வளையத்தைக் கழற்றி, அடாப்டருக்குள் போகும் கம்பியைப் பத்துச் சுற்று, வெளியே வரும் கம்பியை வேறொரு வளையத்தில் பத்துச் சுற்று சுற்றினேன். உறுமல் காதை வைத்துத் தேட வேண்டிய அளவுக்குத் தேய்ந்தது.

"பிளக்கைக் கழற்றி வைத்தால் போதுமே, எதற்குத் தம்பி இவ்வளவு சுற்று?" என்று கேட்டார் ஐயா. உள்ளேயிருந்து அம்மா, "எட்டு மணிக்கு நாடகம் போகிறது" என்றார். சுற்றுகள் அப்படியே இருக்கின்றன.

இடையில் இன்னொன்றும் நடந்தது. பேட்டரிச் செலவைக் குறைக்கப் பெட்டிக்கு ஒரு பழைய டிரான்ஸ்போர்மர் அடாப்டரைக் கொடுத்தேன். அதில் ஸ்விட்சிங் இரைச்சல் இல்லை, ஆனால் நிலையத்தைப் பிடித்தால் மட்டும் "ம்ம்" என்று ஒரு முனகல் சேர்ந்து வந்தது. நான்கு டயோடுகளுக்கும் குறுக்கே ஆளுக்கொரு 0.01 மைக்ரோஃபரட் கொண்டென்சரைப் பற்றவைத்ததும் போய்விட்டது.

வாட்டும் தொட்டி

கரகரப்பு வேறு கதை. பெட்டியின் உள்ளே இருக்கும் பெரைட் தண்டு திசை அறியும் கருவியும்கூட. தண்டின் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தத் திசையிலிருந்து வருவதை அது ஏறக்குறைய வாங்காது. ஆனால் வீட்டுக்குள் எப்படித் திருப்பினாலும் கரகரப்பு குறையவில்லை, ஏனென்றால் அது கம்பத்து வயர்களில் ஏறி வீட்டுச் சுவர் சுவராக ஓடிக்கொண்டிருந்தது. திறந்த வெளியில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று திருப்பியபோதுதான் ஓர் இடத்தில் சட்டென்று குழி விழுந்தது. தண்டின் நுனி தென்மேற்கே தொழிற்சாலையின் மேல்மாடியைக் காட்டியது. அது கொழுந்து வாட்டும் தளம்.

மலையகத் தொழிற்சாலைகளில் பறித்த கொழுந்தைத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றை ஊதி, பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வாட்டுவார்கள். முன்பெல்லாம் அந்த விசிறிகள் ஒரே வேகத்தில்தான் ஓடும். இங்கே சில ஆண்டுகளுக்கு முன், மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் பொருத்தியிருந்தார்கள். நல்ல யோசனை. விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது தின்னும் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆகவே, இன்வெர்ட்டரைக் கழற்றிவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாயும் வரவில்லை, நியாயமும் இல்லை.

துரை நல்லவர். ஆனால் ஓய்வு பெற்ற ஒருவரின் வானொலிக்காகத் தொழிற்சாலையைத் திறந்து காட்ட எந்தத் துரையும் அவசரப்படமாட்டார். ஐயா அங்கே டீமேக்கராக இருந்தவர் என்பதால் அரை மணி நேரம் கிடைத்தது. தோட்டத்து எலக்ட்ரீஷியன் கூடவே வந்தார். இன்வெர்ட்டரின் மூடியைத் திறந்ததும் என் கண் ஒரு வெற்றுத் துளையில் நின்றது. அங்கே ஒரு சிறு திருகாணி இருந்திருக்க வேண்டும்.

அந்தத் திருகாணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்வெர்ட்டர் மின்சாரத்தை நொடிக்குச் சில ஆயிரம் முறை மிகக் கூர்மையாக வெட்டுகிறது. அந்தக் கூர்மைதான் மத்திய அலைவரை நீளும் இரைச்சலைப் பிறப்பிக்கிறது. அதை அங்கேயே வளைத்துத் திருப்பிவிட உள்ளே ஒரு வடிகட்டி உண்டு. வடிகட்டியின் கொண்டென்சர்கள் அந்தத் திருகாணி வழியாகத்தான் எர்த்துடன் சேர்கின்றன. திருகாணி இல்லையென்றால் வடிகட்டி இருந்தும் இல்லாத மாதிரி. வெளியேறிய மின்னோட்டம் வந்த வழியே திரும்ப முடியாமல் மின்வழங்கல் கம்பிகள், எர்த் கம்பி, தகரக் கூரை என்று ஊர் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்பும். அது சுற்றும் வழியெல்லாம் அன்டெனா.

யார் கழற்றினார்கள் என்று கேட்டேன். எலக்ட்ரீஷியன் ஒளிக்காமல் சொன்னார்: "நான்தான் சேர். டிரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தது. இதைக் கழற்றினால் விழாது என்று சொன்னார்கள். கழற்றினேன், நின்றுவிட்டது." அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த வடிகட்டி இயல்பாகவே சிறிதளவு மின்னோட்டத்தை எர்த்துக்குக் கசியவிடும். ஆனால் அது மட்டும் அந்தச் சுவிட்சை விழவைக்கும் அளவல்ல. மெகரை வைத்து விசிறி மோட்டர்களின் காப்பை அளந்தோம். ஒரு மோட்டர் ஒரு மெகாஓமுக்கும் மிகக் கீழே காட்டியது. வாட்டும் தொட்டியின் ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்காக நின்று அதன் சுருள் ஈரம் குடித்திருந்தது. வடிகட்டியின் கசிவும் மோட்டரின் கசிவும் சேர்ந்து எல்லையைத் தாண்ட, சுவிட்ச் தன் கடமையைச் செய்திருக்கிறது. திருகாணியைக் கழற்றியதும் கூட்டுத்தொகை எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டது. பழுதான மோட்டர் மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, அதன் பக்கத்தில் ஈரக் கையோடு கொழுந்து கிளறும் ஆட்கள்.

வானொலிக்கு அரை மணி நேரம் கொடுத்த துரை, இதைக் கேட்டதும் அன்று மாலையே அந்த விசிறியை நிறுத்தச் சொன்னார். மோட்டர் சுருள் மாற்றப்பட்டது. திருகாணி தன் இடத்துக்குத் திரும்பியது, டிரிப் சுவிட்ச் விழவில்லை. தனித்தனி வயர்களாக இருபத்தைந்து மீட்டர் ஓடிய மோட்டர் இணைப்புக்குப் பதிலாகக் கவசக் கேபிள் போட்டு, கவசத்தை இரு முனையிலும் உலோகக் கவ்வியால் சுற்றிவர இறுக்கினோம். முறுக்கிய வாலாக விட்டு ஒரு மூலையில் கட்டினால் உயர் அதிர்வெண்ணுக்கு அது கட்டாததற்குச் சமம். வெட்டும் வேகத்தையும் 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து 4 ஆகக் குறைத்தோம். மோட்டர் கொஞ்சம் கீச்சிட்டது, வாட்டும் தளத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. அன்றிரவு ஐயாவின் இஸ்தோப்பில் கரகரப்பு முற்றாகப் போகவில்லை, ஆனால் தூத்துக்குடிக்குக் கீழே இறங்கிவிட்டது.

மிச்ச இரைச்சலுக்கு ஒரு சட்ட அன்டெனா செய்தேன். பக்கம் 60 சென்டிமீட்டர் உள்ள சதுர மரச்சட்டத்தில் 12 சுற்றுச் செம்புக் கம்பி, ஏறக்குறைய 30 மீட்டர். குறுக்கே பழைய வால்வு வானொலியில் நிலையம் தேடத் திருகும் கேங் கொண்டென்சர். பெட்டியோடு கம்பி இணைப்பு எதுவும் வேண்டாம், பக்கத்தில் வைத்தால் போதும். வடமேற்கிலிருந்து வரும் தூத்துக்குடியைப் பிடிக்கும்படி திருப்பினால், அதன் குருட்டுப் பக்கம் தானாகவே தென்மேற்கைப் பார்த்தது. தொழிற்சாலை அங்கே இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

கடுகு

பெரிய சத்தங்கள் அடங்கிய பிறகே சின்னது வாயைத் திறந்தது. 2023 ஜனவரியில் பனி விழும் காய்ந்த நாட்கள் தொடங்கியதும் கடுகு வெடிப்பு மாலைதோறும் வந்தது. சாரல் அடித்த நாளில் மட்டும் மௌனம். மின்கம்பிகளின் இரைச்சலைப் பற்றிப் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். மழையில் கூடுவது பெரும்பாலும், கம்பத்தில் கம்பியைத் தாங்கும் மின்காப்பியில் அழுக்குப் பிடித்து ஏற்படும் கசிவு. மழையில் நின்றுபோவது தளர்ந்த இணைப்பில் உள்ள நுண்ணிய இடைவெளியில் பாயும் பொறி. ஈரம் அந்த இடைவெளியைப் பாலம் போட்டு மூடிவிடுகிறது, பொறிக்கு வேலை இல்லாமல் போகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு நூறு முறை அது பாயும்.

இது வடமேற்கிலிருந்து வந்தது, தூத்துக்குடியின் அதே திசை. சட்டத்தை எப்படித் திருப்பினாலும் இரண்டும் சேர்ந்தே வரும், சேர்ந்தே போகும். கம்பத்தைக் கண்டுபிடிப்பதைத் தவிர வழியில்லை. மத்திய அலையில் தேடினால் கம்பி நெடுகிலும் ஒரே பலமாகக் கேட்டு ஏமாற்றும். அதிர்வெண் கூடக் கூட அந்த ஓசை தன் பிறப்பிடத்தை விட்டு அதிகம் விலகாது. விமான அலைவரிசை உள்ள ஒரு சிறு பெட்டியை 120 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வைத்துக்கொண்டு கம்பம் கம்பமாக நடந்தேன். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளை மடுவத்துக்கு மேலே உள்ள வளைவில் ஒரே ஒரு கம்பத்தடியில் அது கத்தியது. கம்பத்தைத் தட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தளர்ந்தது எது, எந்தப் பக்கம் விழும் என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு உரியவர்களுக்கு எழுதிப் போட்டோம். ஆட்கள் வர மூன்று மாதம் ஆயிற்று. மின்காப்பியில் கம்பியைக் கட்டிவைக்கும் சிறு வயர் தளர்ந்திருந்ததாம். இறுக்கிக் கட்டப் பத்து நிமிடம்.

இதே காலத்தில் நுவரெலியாவில் ஒருவர் எப்.எம். பெட்டியில் ஒரே நிலையம் ஐந்து இடத்தில் வருவதாகச் சொன்னார். அவர் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கும் பேதுருதாலகாலை மலையடியில் இருப்பவர். பலமான அலைகள் பெட்டியின் முகப்பில் மோதித் தங்களுக்குள் கலந்து போலி நிலையங்களைப் பெறுகின்றன. 101 உம் 103 உம் சேர்ந்தால் 99 இல் ஒரு பிள்ளை. நீட்டிய அன்டெனாவை மடக்கச் சொன்னேன், சரியாகிவிட்டது. உள்ளே வருவதைப் பத்து டெசிபல் குறைத்தால் அந்தப் போலிகள் முப்பது டெசிபல் குறையும். ஐயாவின் வீட்டில் கூரைமேல் கம்பி கட்டிய நாளில் இது எனக்கு நினைவுக்கு வந்திருக்கலாம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11.30 மணியளவில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்று எரிசக்தி அமைச்சர் சொல்ல, ஊரெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தது. மதியம் ஐயா தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, கரண்ட் இல்லை. ரேடியோவைப் போட்டுப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை."

மூன்று ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த மிகத் துல்லியமான அளவீடு அதுதான். இரவு அவரே மீண்டும் அழைத்தார். மின்சாரம் வந்ததிலிருந்து 936 பக்கம் ஒரு மெல்லிய கீச்சு கேட்கிறதாம், காலையில் இல்லாதது. பக்கத்து வீட்டுப் பேரன் கொழும்பிலிருந்து புதிய சார்ஜர் ஒன்று கொண்டுவந்திருக்கிறான்.

"பேர் போட்டுவிட்டேன்" என்றார்.